இரண்டில் ஒருத்தி

விருந்தாளிகள் வந்தால் எனக்குச் சாப்பாடு மாடி அறையில். யாரும் வராத நாட்களில் எல்லோரோடும் மேசையில். இது எனக்குப் பத்து வயதானதிலிருந்து நடப்பது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. ஒரு நாள் தட்டு மாடிக்கு வந்தது. பிறகு வந்துகொண்டே இருந்தது. கீழே சாப்பாடு முடிந்து காபி வரும் நேரத்துக்கு நான் இறங்கிப் போக வேண்டும். பட்டு உடை, முத்துச் சரம், விசிறி எல்லாம் பெரியப்பா மகள் அகஸ்டாவுக்கு என்ன தரமோ அதே தரம்தான் எனக்கும். வெதர்கோம்ப் மாளிகையில் அதில் யாரும் குறை வைத்ததில்லை.

பெரியப்பாதான் வெதர்கோம்ப் பிரபு. அவருடைய தம்பி, கடற்படைக் கப்பலொன்றின் தலைவர், என் அப்பா. அம்மா கரீபியக் கடலில் உள்ள நெவிஸ் தீவில் அடிமை. என்னை இங்கே கொண்டுவந்து விட்டபோது எனக்கு நான்கு வயதாம். விட்டுவிட்டு அப்பா மறுபடி கடலுக்குப் போனார், மஞ்சள் காய்ச்சலில் செத்தார். அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. நினைவிருப்பதாகச் சிறுவயதில் சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

அகஸ்டா கல்யாணமாகிக் கென்ட் பக்கம் போய் நான்கு பிள்ளை பெற்றுவிட்டாள். நான் இங்கேயே இருந்தேன். பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது, அவருடைய மருந்தை எடுத்துக் கொடுப்பது, விருந்துக்கு அழைப்பு எழுதுவது, பிறகு அந்த விருந்துக்கு மாடியில் காத்திருப்பது. காபிக்கு இறங்கினால் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எங்க ஊர்க் குளிர் உங்களுக்கு ஒத்துக்குதா?" இங்கிலாந்தின் இந்த டெவன் குளிரில் முப்பது வருடத்துக்கு மேல் கழித்தாயிற்று. "ஒத்துக்குதுங்க" என்று சிரிப்பேன். அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவதற்குள் கால் வலித்துவிடும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் தங்கியிருந்தவர் திருமதி ரெட்ஃபெர்ன். பெரியம்மாவின் பள்ளித் தோழி. நெவிஸில் அவருக்குக் கரும்புத் தோட்டம் இருந்தது. பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் முட்டிவலிக்குக் குளிக்க வந்தவர், அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அவரோடு பெனிபா என்ற பணிப்பெண் வந்திருந்தாள். அவருடைய அடிமை. நல்ல உயரம், முப்பது வயதிருக்கும். என்னை எங்கே பார்த்தாலும் கடையில் துணியைத் தடவிப் பார்ப்பவள் மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

மார்ச் மாதம், பிரிஸ்டலில் நெவிஸ் போகும் கப்பல் தயாராகிவிட்டது என்று தகவல் வந்தது. அன்று காலை பெரியம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திருமதி ரெட்ஃபெர்ன் அங்கே கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெனிபா மனசுல என்ன இருக்குன்னே தெரியல, லவீனியா" என்றார். "கூப்பிட்டா வரா, சொன்னதைச் செய்யறா. ஆனா பிரிஸ்டல் பேரை எடுத்தாலே வாயை மூடிக்கறா. லண்டன்ல அந்த நீதிபதி தீர்ப்பு சொன்னாலும் சொன்னார், இந்த அடிமைங்களைக் கையைப் பிடிச்சுக் கப்பல்ல ஏத்த முடியல. துறைமுகத்துல நின்னு 'வரமாட்டேன்'னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன பண்ணுவேன்? ஊரே வேடிக்கை பார்க்கும்."

"அதான் நீ ஒரு தடவை பேசிப் பாரு, லவீ" என்றார் பெரியம்மா.

"நானா? நான் ஏன் பெரியம்மா?"

இரண்டு பேரும் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"உன்கிட்ட மனசைத் திறப்பா" என்றார் பெரியம்மா கடைசியில். "நீ பக்குவமா பேசுவே. நல்லபடியா கிளம்பி வரச் சொல்லு, அவ்வளவுதான்."

சரி என்றேன். சரி என்று சொல்லிப் பழகிவிட்டது. ஆனால் துணி துவைக்கும் கூடத்துக்கு இறங்கிப் போகும்போதே, அவர்கள் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். வீரமெல்லாம் இல்லை. இன்னொரு தடவை இன்னொருத்தருக்காகச் சிரித்துப் பேசத் தெம்பில்லை, அவ்வளவுதான். பிரிஸ்டலில் நாங்கள் துணி வாங்கும் கடைக்காரரின் மனைவி திருமதி ஃபெல், அடிமை முறையை எதிர்க்கும் குவேக்கர் சபைக்காரி. ஒருமுறை என் கையைப் பிடித்து, "தீவுலேர்ந்து வர்றவங்க யாருக்காவது தங்க இடம் வேணும்னா எங்க வீட்டுக் கதவு திறந்திருக்கும்" என்று சொன்னார். என்னைப் பார்த்து ஏன் சொன்னார் என்று அப்போது கோபமாக வந்தது. இப்போது உதவும் என்று தோன்றியது.

பெனிபா எஜமானியின் தொப்பிச் சரிகையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தேன். நீ கப்பல் ஏற வேண்டியதில்லை, யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது, பிரிஸ்டலில் ஒரு வீடு இருக்கிறது, விலாசம் தருகிறேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இதைச் சொல்லவா மிஸ்ஸி கதவைச் சாத்துனீங்க? நான் வந்த ரெண்டாம் நாளே உங்க சமையக்காரம்மா சொல்லிட்டாங்க. குதிரைக்காரன் சொன்னான். பால் ஊத்தறவ சொன்னா. இந்த ஊர்ல அது தெரியாத ஆள் நீங்க மட்டுந்தான்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் போகல?"

"எங்க போறது? இந்தச் சகதியிலயா?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு அங்க ரெண்டு பொண்ணுங்க மிஸ்ஸி. மிம்பா, ஜூபா. எஜமானியம்மா என்னைக் கூட்டிட்டு வந்தாங்க, அதுங்களைக் கூட்டிட்டு வரல. ஏன்னு நெனைக்கிறீங்க? கப்பல்ல எடம் இல்லாமயா?"

வெந்நீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். ஈரமாக இருந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"நான் போகத்தான் போறேன்" என்றாள். "ஆனா அது அம்மாவுக்குத் தெரியாதில்ல? பயந்துக்கிட்டுக் கெடக்காங்க. அதான் வாயைத் தெறக்காம இருக்கேன். யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு பார்த்தேன். நீங்க வந்துட்டீங்க."

"என்ன செய்யணும்?"

"மேல போய், பெனிபா வரமாட்டேங்கறான்னு சொல்லுங்க. என் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி, உங்க பெரியய்யா முன்னாடி கையெழுத்துப் போட்டாத்தான் வருவான்னு சொல்லுங்க. நான் சொன்னா அறை விழும். நீங்க சொன்னா உக்காந்து கேப்பாங்க."

மேலே போய்ச் சொன்னேன். திருமதி ரெட்ஃபெர்னின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"மிரட்டறாளா? என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு!" என்றார். கொஞ்ச நேரம் அழுதார். அழுது முடித்ததும் கணக்காகப் பேசினார். "ரெண்டு பேரையும் முடியவே முடியாது. ரெண்டும் போயிட்டா அப்புறம் அவளை எதைச் சொல்லி வீட்டுல வெச்சிருக்கறது? ஒண்ணு தரேன். எதுன்னு அவளே சொல்லட்டும்."

இதை ஒரு பெரிய சலுகை மாதிரி சொன்னார். பெரியம்மாவும், "பார்த்தியா, எவ்வளவு தாராள மனசு" என்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

மறுபடி இறங்கினேன். அந்தப் படிக்கட்டு அவ்வளவு நீளம் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. சொல்லாமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சிரித்துக்கொண்டே போய்ச் சொல்வார்கள்.

பெனிபாவிடம் சொன்னேன். அவள் கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பெரியவ" என்றாள்.

"யோசிச்சு..."

"யோசிக்க என்ன இருக்கு? மிம்பாவுக்குப் பன்னெண்டு. வர்ற அறுப்புக்குக் கரும்புக் கொல்லையில பெரியவங்க கூட்டத்தோட சேத்துருவாங்க. அங்க இருக்கற மேஸ்திரி எப்பேர்ப்பட்டவன்னு எனக்குத் தெரியும். சின்னவளுக்கு இன்னும் நாள் இருக்கு." உறையை அடுக்கின்மேல் வைத்தாள். "சின்னவ என்னை மாதிரி மிஸ்ஸி. வாயாடி. எப்படியாச்சும் பொழைச்சுக்குவா."

நான் அவள் தோளைத் தொடப் போனேன். விலகிக்கொண்டாள்.

"உங்கம்மா பேரு என்ன?" என்று திடீரென்று கேட்டாள்.

"சாலின்னு சொல்வாங்க."

"சாலி! எங்க தோட்டத்துலயே நாலு சாலி இருக்கா. அது வெள்ளைக்காரங்க வெச்ச பேரு. அவளைப் பெத்தவ வெச்ச பேரு?"

"தெரியாது."

"இங்க எப்படி வந்து சேந்தீங்க?"

"அப்பா கூட்டிட்டு வந்தார்."

"சும்மா கூட்டிட்டு வந்துட்டாராக்கும்!" அடுப்பிலிருந்து சூடான பெட்டியை எடுத்து, எச்சில் தொட்டுப் பார்த்தாள். "கப்பல்காரங்களுக்குப் பொறந்த புள்ளைங்க எங்க ஊர்க் கொல்லை பூரா நிக்குது. எவன் எதைத் தூக்கிட்டுப் போனான்? ஒருத்தி காலையிலயும் ராத்திரியும் விடாம அந்த மனுசனை நச்சரிச்சிருக்கா. இல்லாட்டி நீங்களும் கையில வெட்டரிவாளோட கொல்லையிலதான் நின்னிருப்பீங்க."

அவள் ஆறுதலாகச் சொல்லவில்லை. இஸ்திரி போட்டபடி, மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல் சொன்னாள். என் அம்மா என்னை விட்டுவிட்டாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவள் எனக்கு விடுதலையைக் கேட்டு வாங்கியிருப்பாள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. நல்லவேளையாகக் கூடத்தில் ஆவி நிறைய இருந்தது. முகம் நனைந்ததற்கு நான் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெரியப்பா ஊருக்கு நீதிபதியும்கூட. அன்று மாலையே நூலகத்தில் பத்திரம் எழுதினார். மிம்பா என்ற பெண் இந்த நாள் முதல் யாருக்கும் உடைமையல்ல. திருமதி ரெட்ஃபெர்ன் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல் இருந்தது. பெரியப்பா இன்னொரு பிரதி எடுத்தார். அதை வேறு கப்பலில், நெவிஸில் தனக்குத் தெரிந்த வக்கீலுக்கு அனுப்பிப் பதிவு செய்யச் சொன்னார். அது அவராக யோசித்தது.

எல்லோரும் போனபின், "இந்த யோசனை உன்னோடதா?" என்றார்.

"அவளோடது பெரியப்பா."

"ம்" என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கெட்டிக்காரி."

பெரியம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "உன்னை எதுக்கு அனுப்பினேன், நீ என்ன பண்ணிட்டு வந்தே? வீட்டுக்கு வந்தவளை இப்படியா நெருக்கறது? உனக்கு இந்த வீட்டுல என்ன குறை வெச்சோம்?" என்றார்.

"ஒரு குறையும் இல்ல பெரியம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. குறை என்று எடுத்து மேசைமேல் வைக்க என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

திருமதி ரெட்ஃபெர்ன் கிளம்பும்வரை என்னைக் காபிக்குக் கூப்பிடவில்லை. அது தண்டனை என்று எனக்குப் புரியவே ஒரு நாளாயிற்று. அதற்குள் நான் மதியமெல்லாம் நன்றாகத் தூங்கியிருந்தேன்.

கிளம்பும் நாளில் மழை. எஜமானி வண்டிக்குள் ஏறிக்கொண்டார். பெனிபாவுக்கு இடம் வெளியே, பெட்டிகளோடு. ஏறுமுன் என் பக்கம் வந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பழைய கம்பளி ஏதாச்சும் இருந்தா குடுங்க மிஸ்ஸி" என்றாள். "கப்பல்ல குளிர் எலும்புக்குள்ள போகுது."

நான் போர்த்தியிருந்ததையே கழற்றிக் கொடுத்தேன். வாங்கி, துணியின் தரத்தைப் பார்த்தாள், தலையோடு போர்த்திக்கொண்டு ஏறினாள். வண்டி வளைவைத் தாண்டும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பாள் என்று நின்றது என் முட்டாள்தனம். எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

இரண்டு வருடம் கழித்துத்தான் நம்பகமான தகவல் வந்தது, பெரியப்பாவின் வக்கீல் நண்பர் மூலமாக. பத்திரம் பதிவாகிவிட்டது. மிம்பா நெவிஸின் சார்ல்ஸ்டவுன் நகரத்தில் ஒரு தையல்காரியிடம் கூலிக்கு வேலை செய்கிறாள். கொல்லைப் பக்கம் போகவில்லை. ஆனால் சின்னவளை, ஜூபாவை, திருமதி ரெட்ஃபெர்ன் தன் மகன் கல்யாணத்தில் மருமகளுக்குச் சீராகக் கொடுத்துவிட்டார். அவர்கள் பக்கத்துத் தீவான செயின்ட் கிட்ஸில் இருக்கிறார்கள்.

"பரவாயில்லையே, வீட்டு வேலைதான் பாரு" என்றார் பெரியம்மா. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

"பெனிபா?"

"அதைப் பத்தி ஒண்ணும் எழுதல."

நான் பெரியப்பாவிடம் போனேன். அப்பா எனக்கென்று விட்டுப்போன தொகையிலிருந்து ஜூபாவுக்கு என்ன விலை சொன்னாலும் தருகிறேன், கேட்டு எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுதினார். அந்த மருமகள் பதில் போட்டாள்: பெண் நன்றாகத் தலைவாரி விடுகிறாள், இப்போதைக்கு விற்கிற எண்ணம் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம். அடுத்த வருடமும் எழுதினோம். அதே பதில், கூடவே பெரியம்மாவின் உடம்பைப் பற்றி ஒரு விசாரிப்பு. அதற்கடுத்த வருடம் பதிலே இல்லை.

இந்த வருடமும் கப்பல் கிளம்புமுன் எழுத வேண்டும். பெரியப்பாவுக்குக் கை நடுங்குகிறது. இப்போதெல்லாம் நானே எழுதி மைக்கூட்டை அவர் பக்கம் நகர்த்துகிறேன். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்.