விழுந்த பழம் தின்கிறவன்

1

இந்தக் கதை வந்த வழியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அல்சூர் ஏரிக்கரையில் ஒரு வாத்து என்னைத் துரத்தியது. கையில் கடலைப் பொட்டலம், மனத்தில் இயற்கையின் அமைதி பற்றிப் பெரிய எண்ணங்கள். நாலு பேர் பார்க்க ஓடினேன். மானம் போனது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது, ஓடியவனைப் பற்றி எழுதக் கூச்சமாக இருந்ததால் பிரிஜெட்டை உண்டாக்கினேன்.

2

2004ஆம் ஆண்டின் ரம்மியமான ஒரு காலைப்பொழுதில், விவேக் நகரின் மெல்லிய பனியினூடே பிரிஜெட் என்னும் இளம்

வேண்டாம். விவேக் நகரிலேயே பிறந்தவளுக்குப் பனி ஒரு செய்தியே அல்ல.

பிரிஜெட் செல்போன் விளையாட்டுகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்டர். நாள் முழுக்க விளையாடி, எங்கே கோளாறு என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். திங்கட்கிழமை காலையில் சந்தோஷமாக எழுந்திருப்பவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான்.

[முதல் பிரதியில் அவளுக்கு நோயாளி அப்பா ஒருவரை வைத்திருந்தேன். உங்களை அழவைக்கும் சின்னப் புத்தி. எடுத்துவிட்டேன். அப்பா நன்றாக இருக்கிறார்.]

3

கம்பெனியின் முதல் சொந்த விளையாட்டு இது. ஏரிக்கரை, ஒரு பழமரம், ஒரு வாத்து, ஒரு ஆள். ஆள் பழம் தின்று உயிர் வாழ வேண்டும். அன்றைய போனுக்கு எல்லாம் அறுபத்து நான்கு கேபி நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். ஏரியும் மரமும் சேர்ந்தே அதை விழுங்கிவிட்டன. வேலூரிலிருந்து வந்த புரோகிராமர் கிஷோர் வாத்தின் கண்ணில் இரண்டு சிவப்புப் புள்ளி வைத்தான். பழத்தைப் பறிக்கப் பறிக்க வாத்துக்குக் கோபம் ஏறும். கடைசியில் ஆளைக் கொத்தியே கொன்றுவிடும்.

“புலிக்கு இடமில்ல பிரிஜெட். இருக்கறவங்களயே கோவப்பட வெச்சிட்டேன்” என்றான்.

வாங்கப்போகும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: எவ்வளவு கெட்டிக்காரன் ஆடினாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் உயிரோடு இருக்கக் கூடாது. செத்தால்தானே மறுபடியும் ஆடுவான். விளையாட்டு திரும்பி வந்தால், இதைச் செய்த ஆறு பேரும் கீழ்மாடிக்குப் போய் ஏதோ ஒரு பேங்க்கின் சாஃப்ட்வேரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

4

வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். வியாழக்கிழமை மதியம் பிரிஜெட் போனை அணைக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டாள். ஆள் மரத்தடியில் சும்மா நின்றான். ஒரு பழம் தானாக அவன் காலடியில் விழுந்தது. இடக்கையால் ஒரு பொத்தானை அமுக்கினாள், தின்றான். வாத்து வந்து பார்த்துவிட்டுப் போனது. கண் சிவக்கவில்லை. இன்னொரு பழம் விழுந்தது.

பறித்தால் கோபம் வர வேண்டும் என்று எழுதிய கிஷோர், விழுந்ததைத் தின்றால் என்ன ஆக வேண்டும் என்று எழுத மறந்திருந்தான்.

பன்னிரண்டு நிமிடம். இருபது. டப்பாவும் கையுமாக எல்லாரும் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு முறை பொத்தானை அமுக்கினார்கள். அவன் தின்றான், வாத்து சுற்றியது, அவ்வளவுதான் விளையாட்டு. யாருக்கும் நகர மனமில்லை. பிரிஜெட்டுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இந்த இடம் தனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மேனேஜர் சீனிவாசராகவன் தயிர்சாதத்தோடு நாற்பதாவது நிமிடம் வரை நின்று பார்த்தார். “நன்னாத்தான் இருக்கு. ஆனா கோளாறுன்னு பக் போட்டுடும்மா” என்றார்.

[ஒரு நல்ல டெஸ்டர் இதற்கெல்லாம் தயங்குவாளா? எனக்கே சந்தேகம்தான். எழுதுகிற நான் அவசரப்படுத்தினேன். அவள் தயங்கினாள்.]

5

கோளாறை எழுதும் படிவத்தில் மூன்று கட்டங்கள்.

செய்தது: மரத்தடியில் நின்று, விழுந்த பழத்தை மட்டும் தின்றேன்.

நடந்தது: ஆள் சாகவில்லை. வாத்தும் கொத்தவில்லை.

நடக்க வேண்டியது:

இரண்டு வருடத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறாள். மூன்றாவது கட்டத்துக்கு யோசித்ததே கிடையாது. ‘ஆள் சாக வேண்டும்’ என்று அடித்தாள். படித்துப் பார்த்தாள். அழித்தாள்.

கிஷோர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரே வரிதான், ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவேன் என்றான்.

“வேற மாதிரி எழுதினா?”

“நீ என்னா எழுதறியோ அதச் செய்வேன். திரும்பி வந்துச்சுன்னா எல்லாரும் கீழதான்.”

சொல்லும்போது அவன் சிரித்தான். அவளைத் தடுக்கவில்லை.

6

முடிவு ஒன்று எழுதினேன்: அவள் கட்டத்தை நிரப்புகிறாள், விளையாட்டு விலைபோகிறது, ஆபீஸில் கேக் வாங்குகிறார்கள். கேக்கை வெட்டச் சொன்னால் பிரிஜெட் கத்தியை வாங்க மாட்டேன் என்கிறாள்.

முடிவு இரண்டு எழுதினேன்: ஆள் பிழைக்கட்டும் என்று விடுகிறாள், விளையாட்டு திரும்பி வருகிறது, ஆறு பேரும் படியிறங்குகிறார்கள். கிஷோருக்கு முன்னால் இறங்கும் பிரிஜெட் திரும்பிப் பார்க்க

முடியவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். எனக்கு அந்த ஆறு பேரும் வேண்டும், அந்த ஆளும் வேண்டும்.

ஆகவே கீபோர்டை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது. நீங்கள் எழுதுவதை கிஷோர் அப்படியே செய்வான்.

பதற்றப்படாமல் யோசியுங்கள். போனில் விளையாட்டு இன்னும் ஓடுகிறது; பிரிஜெட்டின் இடது கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருக்கிறது. நீங்கள் எழுதி முடிக்கும்வரை மரத்தடியில் நிற்பவனுக்கு ஒன்றும் ஆகாது.