சன்னல் வலைக்கு இந்தப் பக்கம்

ஜெயக்கொடிக்குத் தேனீக் கொட்டு புதிதில்லை. கோச்சடை வீட்டுக் கொல்லையில், தென்னை மரத்தடியில் தேனீப் பெட்டி வைத்த வருஷத்திலிருந்து கையிலும் கழுத்திலும் வாங்கியிருக்கிறாள். கொடுக்கை நகத்தால் வழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில் மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சடைத்து, அங்கேயே சரிந்தாள். புருஷன் நல்லகாமன் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

ஊசி போட்டு உயிரை மீட்ட டாக்டர் சொன்னார்: "இம்புட்டு நாள் தாங்குன ஒடம்பு இனிமே தாங்காதும்மா. அடுத்த தடவ இங்க வந்து சேர்றதுக்குள்ள என்னமும் ஆயிரும். பெட்டியத் தூக்கிருங்க."

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். நல்லகாமன் டவுன் பஸ் கண்டக்டர். ஒரு தேனீ காதருகே வந்தாலும் துண்டை வீசிக்கொண்டு ஓடுகிறவன். அவன்தான் கடைசியில் வாயைத் திறந்தான்.

"தூக்க வேணாம் புள்ள. நீ சன்னல்ல நின்னு சொல்லு. நான் பாக்குறேன்."

கொல்லைப்பக்கச் சன்னலுக்குக் கொசுவலை அடித்தான். லீவு நாளில் தலையில் வலைத்துணியைப் போர்த்திக்கொண்டு அவன் வெளியே நிற்க, அவள் உள்ளேயிருந்து சொல்லிக்கொடுத்தாள்.

"பெட்டி வாசலுக்கு நேரா நிக்காதீங்க, அதுக வாரபோற வழி. பக்கவாட்டுல வாங்க. புகை ரெண்டு ஊது ஊதுனாப் போதும். சட்டத்த நேரா மேல தூக்குங்க, சாய்ச்சா அதுல கட்டுன தேனடை ஒடிஞ்சிரும்."

பயந்து பயந்து கற்றுக்கொண்டான். எறும்பு ஏறாமல், பெட்டி வைத்த ஸ்டாண்டின் கால்களுக்கடியில் இருந்த கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றினான். பூ குறைந்தபோது சாயங்காலத்தில் சர்க்கரைப் பாகு வைத்தான். சட்டத்தைச் சன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் அவள் வலையில் நெற்றி பதிய எட்டிப் பார்ப்பாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பாதியில் பெட்டியை மூடிவிட்டு உள்ளே வந்தான். உள்ளங்கையை விரித்தான். ராணி. நீண்ட கரிய வயிறு நசுங்கியிருந்தது.

"சட்டத்த நெருக்கித் தள்ளும்போது... நான் பாக்கல ஜெயக்கொடி."

அந்தக் கொட்டுக்குப் பிறகு ராணியை அவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்தது அன்றுதான். விரல் நுனியால் சிறகைத் தொட்டாள்.

"அடையில முட்டை இருந்துச்சா?"

"தெரியலையே."

"திரும்பப் போய்ப் பாருங்க. வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அறைக்கு அடியில நூல் துண்டு மாதிரி நிக்கும்."

இருந்தது. "அப்ப அதுகளே வேற ராணி வளத்துக்கிரும்" என்றாள். சில நாளில் அடையின் விளிம்பில் நிலக்கடலை போல ராணி அறைகள் தொங்கின. நல்லகாமன் டியூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குத்தான் போவான்.

புது ராணி பிறந்தது. இணை சேர வெளியே பறந்து போய்விட்டுத் திரும்பினால்தான் கூடு பிழைக்கும். ஒரு மத்தியானம் அது வாசலுக்கு வந்து, பெட்டியைப் பார்த்து வட்டமிட்டு, தென்னைக்கு மேலே ஏறியதை ஜெயக்கொடி வலை வழியாகக் கண்டாள். மின்கம்பியில், பறக்கும் தேனீயைக் கொத்தித் தின்னும் கரிச்சான் குருவிகள் உட்கார்ந்திருந்தன. பொழுது சாயும்வரை அவள் சன்னலை விட்டு நகரவில்லை. மறுநாளும் நின்றாள். அது வரவில்லை.

கூட்டின் சத்தம் மாறிவிட்டது. தாயைக் காணாத பிள்ளையின் முனகல்போல் விட்டுவிட்டு வந்தது. இன்னொரு ராணி வளர்க்கச் சட்டங்களில் முட்டையும் இல்லை.

"என் கைதான்..." என்று நல்லகாமன் தொடங்கினான்.

"ஒங்க கை என்ன செய்யும்? என் ஒடம்பு ஒழுங்கா இருந்திருந்தா நீங்க அங்க போயிருக்கவே மாட்டீக." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தேறியபின் சொன்னாள்: "இப்பிடியே விட்டா ஒண்ணொண்ணா வயசாகிச் செத்துரும். துவரிமான்ல மாயக்கா பெட்டி வச்சிருக்குல்ல, அதுல சேத்துருவோம். ரெண்டு கூட்டுக்கும் நடுவுல பேப்பர் வச்சு ஊசியால ஓட்டை போடச் சொல்லுங்க. அதக் கடிச்சுத் தொறக்குறதுக்குள்ள வாசம் ஒண்ணாயிரும். சண்டை வராது."

இருட்டு கட்டும் நேரத்தில் பெட்டி வாசலைத் துணியால் அடைத்து, சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டி அவன் கொண்டுபோனான். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எழுந்தவன் அவளைப் படுக்கையில் காணாமல் தேடினான். கொல்லையில், வெறும் ஸ்டாண்டின் பக்கத்தில் நின்றாள். தை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த மண்ணில் கால் வைத்திருக்கிறாள். ராத்திரி வெளியே தங்கிவிட்ட தேனீக்கள் ரெண்டு மூணு, பெட்டி இருந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன.

"உள்ள வா புள்ள, கொட்டிரும்!"

அவள் நகரவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவுமில்லை.

"வீட்டத் தேடுதுங்க... எங்கன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

நல்லகாமன் கொல்லையில் இறங்கிப் போனான். தன் துண்டை அவள் தலையிலும் தோளிலும் போர்த்தி, மெல்ல அணைத்து உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்தினான்.