பாலக்கரையில் சாயாத பொழுது

“சொன்னது சொன்னதுதான். யாரு வந்து நின்னாலும் என் மக வாயை மாத்த மாட்டா” என்று ஷரபுன்னிசா உள்ளேயிருந்து குரல் கொடுக்க, “மணி ஒம்பதாச்சு தாயி. சூரியன் பனைமர உயரத்துல நிக்குது. ஊரே பச்சைத் தண்ணி குடிக்காம கெடக்கு” என்று பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி ஷேக் தாவூது வாசலில் நின்று அதைவிட உரக்கச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். 1931 ஜனவரி கடைசி வாரம், ரம்ஜானின் எட்டாவது நோன்பு, திருச்சி ஜங்ஷன் கடிகாரத்தில் இரவு ஒன்பது மணி, பாலக்கரையில் மாலை வெயில்.

இத்தனைக்கும் காரணம், விடியுமுன் சஹர் சோறு சாப்பிடும்போது புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்த ஒரு பேச்சு. ஷரபுன்னிசாவின் மகள் ஷரீபா. அவள் புருஷன் ஜெகபர் அலி தோல் மண்டியில் குமாஸ்தா, சைக்கிளில் ஏறினால் மட்டும் துரை. ரயில்வே கார்டு ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டியில் கல்லணை, சமயபுரம், பச்சைமலை அடிவாரம் என்று ஞாயிறுதோறும் சுற்றிவிட்டு வந்து, அடுத்தது நாகப்பட்டினம், ஒரே பகலில் கடல் என்பார். கல்யாணமான நாளாக மூன்று வருஷம் இதே கடல். அன்று ஷரீபாவுக்கு அலுத்துவிட்டது. “இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீங்க கடல்ல காலை வச்சா நான் இந்த வீட்ல இருக்கேன். இல்லாட்டி அம்மா வீட்டுக்குப் போயிடறேன், திரும்பி வர மாட்டேன்” என்றாள். மனிதர் கையைக் கழுவினார், வண்டியை எடுத்தார், போயே போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மஜீதாவின் காது இருந்ததால், காலைத் தொழுகை முடியுமுன் தெருவுக்கும், பத்து மணிக்குள் உறையூரில் இருந்த ஷரபுன்னிசாவுக்கும் சேதி போய்விட்டது. மருமகனை என்றைக்குமே பிடிக்காத அம்மாள் மருதையின் ஜட்காவில் வந்திறங்கி, மகளுடைய துணிமணியைத் தான் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டு, சூரியன் எப்போது விழும் என்று பார்த்து உட்கார்ந்தாள்.

எண்பத்தைந்து மைல். ஜங்ஷனில் தந்தி வேலை பார்த்த செபஸ்தியான், வழியிலுள்ள ஸ்டேஷன்களை விசாரித்து அவ்வப்போது தெருவுக்குச் சொல்லி அனுப்பினார். பதினொரு மணிக்குத் தஞ்சாவூர், காப்பி குடித்தார். நாலு மணிக்கு நீடாமங்கலம், பங்சர். அது தாண்டி மறுபடியும் பங்சர். பயணத்தில் இருப்பவருக்கு நோன்பு விலக்கு உண்டு என்பதால் அவர் ஊருக்கு ஊர் இட்லி தின்றதில் குற்றமில்லை, ஆனாலும் கேட்டவர்கள் பல்லைக் கடித்தார்கள். ஆறேகாலுக்கு விழ வேண்டிய சூரியன் விழவில்லை. ஷரீபா சொன்ன சொல்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரு முடிவு கட்டியது. நோன்புக் கஞ்சி ஆறிக் கட்டியாகி, சுடவைத்து, மறுபடி ஆறியது. பள்ளிவாசல் ஹஜ்ரத் மார்க்கக் கிதாபைப் புரட்டிப் பார்த்து, சூரியன் கண்ணெதிரே இருக்கும்போது கடிகாரத்தை நம்பி நோன்பு திறக்க இடமில்லை என்றார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில், மாலை அர்க்கியத்துக்குத் தீர்த்தம் ஏந்தியவர்கள் ஏந்திய கையோடு நின்றார்கள். கரூர் பாசஞ்சரில் வந்தவர்கள் இருட்டில் தூங்கி, ஜீயபுரம் தாண்டியதும் முகத்தில் வெயில் அடித்து விழித்தார்கள். கரூரில் அன்று பொழுது வழக்கம்போலத்தான் சாய்ந்ததாம்.

வாசல் சண்டை முற்றிய நேரத்தில் ஷரீபாவே வெளியே வந்தாள். தாய் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, “சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிட்டேன் மாமா” என்று முத்தவல்லியிடம் சொன்னாள். சூரியன் அசையவில்லை. “சொல்லு இல்ல மாமா, மனசு” என்றாள் மஜீதா, யாரும் கேட்காமலே. ஷரபுன்னிசாவுக்கு உடனே வழி புரிந்துவிட்டது. “அவன் போய்ச் சேர வேணாம்னு ஒரு நிமிசம் நினைடி. ஊரும் சாப்பிடும், நாமளும் வீடு போய்ச் சேரலாம்” என்றாள். ஷரீபா கண்ணை மூடினாள். மூன்று வருஷக் கடலையும், கூடத்துத் தரையில் போகாத எண்ணெய்க் கறையையும், ஒரு நாள்கூடத் தன்னைக் கேரியரில் ஏற்றிக் கல்லணை வரையாவது கூட்டிப் போகாததையும் ஒவ்வொன்றாக நினைத்தாள். கோபம் வந்தது. சூரியன் ஒரு விரற்கடை இறங்கியது. தெருவில் கஞ்சிக் குவளைகளைக் கையில் எடுத்தார்கள். அப்புறம், திருவாரூர்ச் சாலையில் காற்றுப் போன வண்டியைத் தள்ளிக்கொண்டு தன்னந்தனியே நடக்கும் வேர்த்த முதுகு ஒன்று அவள் மனசில் வந்தது. அவ்வளவுதான். இறங்கிய விரற்கடை அளவும் சூரியன் அத்தனை பேர் பார்க்க மேலே ஏறியது, கூடவே இன்னொரு விரற்கடையும்.

புருஷன் மேல் ஒருத்திக்கு இருக்கும் ஆசை வானத்தில் இப்படி அப்பட்டமாகத் தெரிந்து யாரும் பார்த்ததில்லை. ஷரீபா முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்தச் சேதி அவளுக்கே புதிது. முத்தவல்லி காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், எதற்கென்று அவருக்கே தெரியாது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவளருகே உட்கார்ந்தார்கள். கடைசியில் ஷரபுன்னிசாவும். அதன்பின் மணி என்ன என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை.

விடிகாலை மூணே முக்காலுக்கு, அங்கேயும் சாயாத வெயிலில், ஜெகபர் அலி நாகப்பட்டினத்தில் வண்டியை மணலில் போட்டுவிட்டு அலைக்குள் இறங்கினார். பாலக்கரையில் சூரியன், கயிறு அறுந்த வாளி கிணற்றில் விழுவதுபோல விழுந்தது. பாங்கு சொன்னார்கள், நோன்பு திறந்தார்கள், உட்கார்ந்த இடத்திலேயே அடுத்த நோன்புக்கான சஹரையும் முடித்தார்கள். அந்த ராத்திரி மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

இரண்டு நாள் கழித்து ரயிலில் வந்திறங்கிய மனிதர், கையில் கடிகாரம் கட்டாதவராகையால், “பொழுது சாயறதுக்கு முன்னாடியே தொட்டுட்டேன், பார்த்தியா. என் மிதி அப்படி” என்றார். “தெரியுங்க” என்று ஷரீபா சோற்றைப் போட்டாள். பாலக்கரையில் ஒரு விஷயம் சம்பந்தப்பட்டவர் காதுக்கு மட்டும் போகாமல் நின்றது என்றால் அது இது ஒன்றுதான்.

ஷரபுன்னிசா காலிப் பெட்டியோடு உறையூருக்குத் திரும்பி, மறுவருஷம் மகனோடு பினாங்குக்குக் கப்பலேறினாள். மஜீதாவைக் கரூரில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே இந்தக் கதையை நம்ப ஆளில்லாமல் அவள் பட்ட பாடு தனி. ஷரீபாவும் ஜெகபர் அலியும் 1934-இல் நாகப்பட்டினத்துக்கே குடிபோய், கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்தார்கள். ஞாயிறானால் அவர் எங்காவது மிதித்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஊர்ப் பள்ளிவாசல் மோதினார் மாலையில் பாங்கு சொல்ல ஏறுமுன் தெருவை எட்டி, அவர்கள் வீட்டு வாசலில் சைக்கிள் வந்து நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வார். நிற்காவிட்டால், நிழலில் உட்கார்ந்து கொஞ்சம் காத்திருப்பார்.