கைக்குப் போட்ட நிபந்தனை

சின்மயிக்கு வயிறு எரிந்தது. லீவு முடிந்து வந்து பார்த்தால், அவள் பாடுபட்டுப் போட்ட கணக்கை யாரோ குட்டிச்சுவராக்கி வைத்திருந்தார்கள்.

நாவலூரில் இருக்கும் அவள் கம்பெனி, தகடு வெட்டும் பிரஸ் மெஷினுக்குப் பாதுகாப்புப் பெட்டி செய்கிறது. மெஷினுக்குள் கை போனால் பெட்டி உடனே அதை நிறுத்த வேண்டும். நிறுத்துகிற பொறுப்பைத் தனி சர்க்யூட்டுக்குக் கொடுப்பதா, சாஃப்ட்வேருக்குக் கொடுப்பதா? சர்க்யூட்டுக்கு வேறு சோலி கிடையாது. சாஃப்ட்வேரோ ஸ்கிரீனைக் கவனிக்கும், ரிப்போர்ட் அனுப்பும், நடுவில் நேரம் கிடைத்தால் கையையும் பார்க்கும். சர்க்யூட்தான் சரி என்று சின்மயி கணித முறையில் நிரூபித்திருந்தாள். சாஃப்ட்வேருக்கு மாற்றிப் பார்த்தபோது, சரிபார்க்கும் டூல் 'ஃபெயில்' என்றே சொன்னது.

இப்போது பொறுப்பு சாஃப்ட்வேரிடம் இருந்தது. டூல் 'பாஸ்' என்றது. எப்படி என்று தேடினால், நிரூபணத்துக்காக டூலுக்குக் கொடுத்த நிபந்தனைகளுக்கு நடுவே புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: சாஃப்ட்வேர் வேறு வேலையில் இருக்கும்போது கை உள்ளே வராது.

வராதாமே! கையிடம் யார் போய்ச் சொன்னார்களாம்?

மேனேஜர் அனந்தகிருஷ்ணனின் அறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் நுழைந்தாள்.

"இந்த லைனை யார் சார் போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன். சின்ன அஸம்ப்ஷன்தானேம்மா? சர்க்யூட் செலவு மிச்சம். டூலே பாஸ்னு சொல்லுது, உனக்கென்ன?"

"கை வராதுன்னு நாமளே எழுதி வச்சுட்டு, கைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நிரூபிக்கிறதா? இது பித்தலாட்டம் சார்!"

"வார்த்தையை அளந்து பேசு. பெட்டி திருமுடிவாக்கம் பட்டறைக்குப் போயாச்சு."

சின்மயி நிரூபித்தாள் என்ற பேரில் அல்லவா அது போயிருக்கிறது!

அப்போது மேஜைமேல் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். திருமுடிவாக்கம் பட்டறை முதலாளி பொன்னுசாமி.

"சார், பெட்டி மாட்டியாச்சு. நம்ம ஆபரேட்டர் ரோஸி மெஷினாண்ட நின்னுகினு கீறா. ஆரம்பிக்கலாமா? சின்மயி மேடம் ஓகேன்னா எனக்கு அது போதும்."

அனந்தகிருஷ்ணன் அவளைப் பார்த்து, சொல்லு என்று தலையை ஆட்டினார். சொல்லாவிட்டால் இங்கே வேலை இருக்காது என்பதும் அந்த ஆட்டலில் இருந்தது.

"சின்மயி பேசறேன் சார். மெஷினை ஆரம்பிக்காதீங்க. நான் சரின்னு சொன்னது வேற பெட்டி. இது கையைக் காப்பாத்தாது."

அனந்தகிருஷ்ணன் போனை அணைக்கப் பாய்ந்தார். அதற்குள் அந்தப் பக்கம் பொன்னுசாமி கத்துவது அறை முழுக்கக் கேட்டது.

"ஏய் ரோஸி! தள்ளி வா! கைய வெக்காத!"