கடலுக்கு ஏ கிரேடு

சிங்காநல்லூரில் தனபாலின் டி.வி. கேம் கடைக்கு அந்தச் சிங்கப்பூர்ப் புத்தகம் வந்த நாளிலிருந்து தெருவில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. ஊருக்குள் இன்னும் யாரும் கண்ணால் பார்க்காத ஒரு புது கேம் மெஷின் டி.வி.யில் காட்டப்போகிற படங்கள் நடுப்பக்கம் இரண்டிலும் வழவழவென்று கிடந்தன. தொண்ணூற்றொன்பதாம் வருடம் அது. மெஷினுக்கு முன்னால் படம் வந்துவிடும். படம் வந்தால் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்.

"மீசையில ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது பாருங்க" என்று ஒரு கூட்டம். "அச்சுல எல்லாம் அப்படித்தானுங்க தெரியும்" என்று இன்னொரு கூட்டம். எதிர்வீட்டுச் சுப்பாத்தாள், பிறந்ததிலிருந்து ஒரு கேமும் ஆடாதவள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏந் தனபாலு, இது போட்டோவா, பொம்மையா?"

"பொம்மைதானுங்க அத்தை. மெஷினு வரையறது."

"அப்ப என்ற மவனுக்குப் பொண்ணு போட்டோ வந்துச்சே, அதையும் மெஷினுதான் வரைஞ்சிருக்கும். நேர்ல போய்ப் பாத்தா வேற ஆளு."

எல்லாரும் சிரித்தார்கள். தனபால் சிரிக்கவில்லை. மெஷின் வாங்கி விற்கிற உக்கடத்து அப்துல் கையூம் பாய் ஒரு பேச்சு சொல்லிவிட்டிருந்தார்: ஓடிக்கொண்டிருக்கிற பழைய மெஷின் மூன்றையும் கொடுத்தால், புதுசு வந்ததும் ஒன்று தருவார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும். கொடுத்தால் திரும்பக் கேட்கக்கூடாது. அந்த மூன்றும்தான் கடை. படம் பொய்யென்றால் தனபாலுக்கு மிஞ்சுவது நாலு பிளாஸ்டிக் நாற்காலி.

அவன் நம்புகிற கண் ஒன்றுதான். பெண்டாட்டி புவனாவின் கண்.

புவனா நூல் மில்லில் தரம் பார்க்கிறவள். கறுப்புப் பலகையில் நூலை வரிவரியாகச் சுற்றி, பக்கத்தில் மாதிரிப் படத்தை வைத்து, முடிச்சும் மொத்தையும் எத்தனை என்று பார்த்து ஏ, பி, சி போடுவாள். பதினோரு வருடத்தில் அவள் போட்ட எழுத்தை மேனேஜர்கூட மாற்றியதில்லை. இதைத் தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருப்பவன் தனபால்தான்.

"அம்மணி, நீயே பாத்துச் சொல்லு. நீ ஏ-ன்னா குடுத்துபோடறேன்."

சனிக்கிழமை மத்தியானம், முதல் ஷிப்ட் முடிந்து வந்து, மில்லின் லென்ஸை எடுத்துக்கொண்டு அவள் புத்தகத்தின் மேல் குனிந்தாள்.

கார் படத்தைத் தாண்டினாள். வாள்காரன் படத்தையும் தாண்டினாள். மூன்றாவது படத்தில் ஒரு கடற்கரை. சாயங்கால வெளிச்சம் தண்ணீரில் எண்ணெய் மாதிரி பரவியிருந்தது. கரை போய் முடிகிற இடத்தில் ஒரு வெள்ளை வீடு, கதவு பாதி திறந்து, உள்ளே மஞ்சளாக ஏதோ எரிந்தது. லென்ஸ் அங்கே போய் நின்றது. விசிறி சுற்றுகிற சத்தம் அலைச் சத்தமானது. அவள் காலுக்கடியில் சிமென்ட் தரை மெல்ல ஈரமானது.

குறையும் தெரியாமல் இல்லை. ஒரே மேகம் இரண்டு இடத்தில் இருந்தது. ஒரே நுரை, சேலை பிரிண்ட் மாதிரி, ஆறு தடவை. பாறை ஓரங்களை யாரோ கையால் நீவிவிட்டிருந்தார்கள். வாங்க வருகிற பார்ட்டிக்குக் காட்டுவதற்கென்று நல்ல நூலாகப் பொறுக்கிச் சுற்றின பலகை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? இது அப்படிப்பட்ட பலகை.

ஆனால் அந்தக் கதவு பாதிதானே திறந்திருக்கிறது.

"ஏ தானுங்க" என்றாள்.

தனபால் அன்றைக்கே மூன்று மெஷினையும் பாயிடம் கொடுத்துவிட்டு, கடை வாசல் கரும்பலகையில் எழுதிவிட்டான்: 'விரைவில் புது மெஷின். கிராபிக்ஸ் ஏ கிரேடு.'

அடுத்த மூன்று வாரமும் புவனா மில்லில் கறுப்புப் பலகையைப் பார்த்தால் வெள்ளை நூல் மழையாக இறங்கியது, மழைக்கு அந்தப் பக்கம் வீடு தெரிந்தது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? பக்கத்துப் பலகைக்காரி சொன்னாள். இரண்டு முறை கூப்பிட்டும் இவள் திரும்பவில்லையாம்.

மெஷின் வந்தது. கடைக்குள் நிற்க இடமில்லை. டி.வி.யில் கடற்கரை விரிந்தது. அலை ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி. பாறை ரம்பப்பல். மேகம் அட்டையில் வெட்டி ஒட்டினது.

"நாஞ் சொல்லல, நேர்ல வேற ஆளுன்னு" என்றாள் சுப்பாத்தாள். கூட்டம் கலைந்தது. அவள் மட்டும் வாசலில் நின்றாள். முடிவு தெரியாமல் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

புவனா சொல்லிவிட்டாள். "எனக்கு அப்பவே தெரியுமுங்க. நீவின படம்னு."

"தெரிஞ்சும் ஏ போட்டியா?"

"அந்த ஊட்டுக்குள்ள என்னன்னு பாக்கோணும்னு ஆசையாப் போச்சுங்க."

"மில்லுல ஒரு கோனு நூலு தப்பாப் பாஸ் பண்ணாதவ… என்ற கடைதான் கெடைச்சுதா உனக்கு?" என்ற தனபால், ஒயரைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

"ஒரே ஒரு வாட்டிங்க."

அவன் கை நின்றது. அவள் கேமில் இருந்த ஆளைக் கரையோரமாக நடக்கவிட்டாள். அலை ஏறி இறங்கியது. புத்தகப் படத்தில் அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வீடு வந்தது. கதவு திறக்கவில்லை. சுவரில் வரைந்த கதவு அது. உள்ளே எரிந்த மஞ்சளும் வெறும் பெயின்ட்.

புவனா அந்த ஆளைச் சும்மா பின்பக்கம் திருப்பினாள்.

புத்தகத்துக்குப் படம் எடுத்தவனின் முதுகுப்பக்கம் இருந்த அத்தனையும் அங்கே கிடந்தது. நீளமாக ஒரு புல்வெளி. அதற்கப்பால் நீல மலை வரிசை, மழை பெய்து விட்ட காலையில் மேற்கே தெரியுமே, அதே நீலம். மலைக்கு மேல் ஏதோ ஒரு பறவை மெதுவாகச் சுற்றியது.

"இது புத்தகத்துல இல்லையே" என்றான் தனபால்.

"இல்லீங்க."

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அப்ப என்னதான் கிரேடு, சொல்லீட்டுப் போ கண்ணு" என்றாள் சுப்பாத்தாள்.

புவனா எழுந்து வாசலுக்குப் போனாள். கரும்பலகையில் 'ஏ'வை முந்தானையால் அழித்தாள். சாக்பீஸால் 'பி' என்று எழுதினாள், மில்லில் எழுதுவது போலவே, அடியில் ஒரு கோடும் போட்டு.

உள்ளேயிருந்து தனபால் குரல் வந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும், வா அம்மணி. அந்த மலைகிட்டக்கப் போலாம்."