பன்னிரண்டாவது ஸ்வெட்டர்

இன்னும் பதினெட்டு வரிசை இருந்தது. அம்மாவின் கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சின்னவள் ஸ்வெட்டரின் இடது கையைப் பின்னிக்கொண்டிருந்தாள். அம்மா காலை ஆறு மணிக்குப் போய்விட்டாள். டாக்டர் வந்து நாடி பார்த்து, எழுதவேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது.

"ஒரு கைதானேடி பாக்கி? வண்டி மூணு மணிக்குத்தான் வருதாம். உக்காந்து முடிச்சுடு, போட்டே அனுப்பிடுவோம். அவளுக்கு உயிரே அந்த ஸ்வெட்டர்தான்" என்று சொல்லி ஊசியைக் கையில் திணித்துவிட்டுப் போனவள் சித்தி. அம்மாவின் தங்கை. பழைய ஸ்வெட்டர்களில் ஒன்றைப் போட்டுவிட்டால் போயிற்று என்று சொல்லிப் பார்த்தாள் சின்னவள். முழங்கை நைந்துபோனதைப் போட்டா அக்காவை அனுப்புவது என்று சித்தி ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டாள்.

நாற்பத்தேழு வயதிலும் அவள் சின்னவள்தான். அண்ணன் ஒருவன் முன்னால் பிறந்து தொலைத்ததால் வந்த பெயர். தலைமயிர் பாதி நரைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

ஹாலில் சித்தி யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெக்கணும். வருஷத்துக்கு ஒண்ணு, பன்னிரண்டு வருஷமா. அதே இலை டிசைன். அம்மாவுக்குப் பிடிச்சுதுன்னு வேற டிசைனையே தொடலை. இப்பகூடப் பக்கத்துல உக்காந்து பின்னிக்கிட்டு இருக்கா."

காலையிலிருந்து இது ஐந்தாவது போன். ஒவ்வொரு போனிலும் சின்னவள் ஒரு படி உயர்ந்துகொண்டே போனாள்.

இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும், நூலை ஒருமுறை சுற்ற வேண்டும், மூன்று கண்ணி நேராகப் போக வேண்டும். எட்டு வரிசைக்கு ஓர் இலை. கண்ணை மூடிக்கொண்டே பின்னுவாள். அந்த இலையைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும் என்பது மட்டும் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாவது ஸ்வெட்டரிலேயே அலுத்துவிட்டது. நான்காவது வருஷம் ஒரு புத்தகம் வாங்கிவந்து, நட்சத்திரம் போட்ட ஒரு பக்கத்தைக் காட்டி, "இந்தத் தடவை இதைப் பண்ணவாம்மா?" என்று கேட்டாள். அம்மா அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்தாள். "எதுக்கு? உனக்குப் பழகின இலையே இருக்கட்டும்" என்றாள்.

அதோடு நட்சத்திரம் அலமாரிக்குள் போயிற்று. அம்மாவுக்கு இலைதான் பிரியம், வேறு என்ன கேட்கிறாள் பாவம் என்று சின்னவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்தால் சமையல், மாத்திரை, இலை. வேறு ஊரில் திறந்த கிளைக்கு மேனேஜராகப் போகச் சொன்னபோதும் முடியாது என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒன்றரை இலை பின்னியது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"கொஞ்சம் பிடிக்கிறீங்களா? துடைச்சு விட்டுடலாம்."

நர்ஸ் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்றாள். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து ஊசி போட்டு, அம்மாவைக் குளிக்கவைத்துவிட்டுப் போகிறவள். இன்று அவளுடைய முறை நாள். விஷயம் தெரியாமல் வந்தவள், தெரிந்ததும் பையை மூலையில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு மகள் குளிப்பாட்டினால் கூச்சம். குளியலறைப் பக்கம் சின்னவளை அவள் விட்டதே இல்லை; மற்ற நேரமெல்லாம் ஊர்க் குளிருக்கு ஸ்வெட்டரோடுதான் இருப்பாள்.

இரண்டு பேருமாகப் பதினோராவது ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். அம்மாவின் கழுத்தைச் சுற்றிலும் தோல் தடித்துக் கறுத்திருந்தது. காலர் உட்காருகிற இடம். இரண்டு மணிக்கட்டுகளிலும் அதே மாதிரி. நகம் பட்ட கோடுகள் கூட இருந்தன.

"இது என்ன?"

நர்ஸ் துணியைப் பிழிந்தாள். "கம்பளி அவங்களுக்கு ஒத்துக்காதுங்க. உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"இல்லை."

"நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், பொண்ணுகிட்ட சொல்லிடுங்கம்மான்னு. வாயே திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. என் பொண்ணுக்கு அந்த இலைன்னா அப்படி ஒரு ஆசை. நான் வேணாம்னு சொல்லிட்டா அவளுக்கு வேற என்ன இருக்குன்னாங்க."

சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இத்தனை வருஷம் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! மகளுக்காக அம்மா போட்டுக்கொண்டாள், அம்மாவுக்காக மகள் பின்னித் தொலைத்தாள். மகளாவது வாயைத் திறந்தாளா என்றால் அதுவும் இல்லை. தன்னைத்தான் முதலில் அறைய வேண்டும் என்று நினைத்தாள்.

துடைத்து முடித்ததும் சித்தி எட்டிப் பார்த்தாள். "எத்தனை வரிசைடி இருக்கு?"

"ஏழு."

"சீக்கிரம். அண்ணன் வந்துக்கிட்டே இருக்கான்."

சின்னவள் போய் உட்கார்ந்தாள். பின்னினாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஊசியைக் கீழே வைத்தால் சித்தி காரணம் கேட்பாள். காரணம் சொன்னால் காலையிலிருந்து போன ஐந்து போனும் பொய்யாகும். போன் என்ன போன், பன்னிரண்டு வருஷமே பொய்யாகும். மகள் என்று அவளுக்கு வீட்டில் இருந்த மரியாதை எல்லாம் அந்த இலைகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு வரிசையும் முடிந்தது. நூலை வெட்டி முடிச்சுப் போட்டாள்.

அண்ணனும் அண்ணியும் இரண்டரைக்கு வந்தார்கள். அண்ணன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். பிறகு சின்னவள் மடியிலிருந்ததைப் பார்த்ததும் வாய்விட்டே அழுதான். "முடிச்சிட்டியா சின்னு? அம்மா கொடுத்துவச்சவங்க. நான் ஒண்ணுமே செய்யலை."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் வலது கையை மெல்லத் தூக்கினாள். "குடுங்க, போட்டுடலாம். நேரமாச்சு."

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். நர்ஸ் மட்டும் பையை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள் சின்னவள்.

"என்ன வேணாம்?"

"அம்மாவுக்கு அரிக்கும்."

அண்ணனுக்குப் புரியவில்லை. "இனிமே என்ன சின்னு அரிக்கப் போகுது?"

"இவ்வளவு நாளா அரிச்சுது அண்ணா. கழுத்தைப் பாரு."

அண்ணன் குனிந்து பார்த்தான். சித்தியும் பார்த்தாள். தடித்துக் கறுத்த அந்த வளையத்தைச் சித்தி விரலால் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்போ எதுக்குடி போட்டுக்கிட்டா? அவளுக்குப் பிடிச்சுதுன்னு நீதானே..."

"நான் பின்னினேன் இல்ல சித்தி, அதான் போட்டுக்கிட்டாங்க."

ஹாலில் சித்தியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அண்ணி தூக்கிய கையை இருந்த இடத்தில் வைத்தாள். அண்ணன் தங்கையை நிமிர்ந்து பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். பாவம் என்று நினைக்கிறானா, பாவி என்று நினைக்கிறானா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இனி இந்த வீட்டில் அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் இல்லை.

அலமாரியிலிருந்து மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றை எடுத்துவந்து சின்னவளே போட்டுவிட்டாள். அம்மாவின் தோள் அவள் நினைத்ததைவிட ஒடுங்கிக் கிடந்தது.

கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அண்ணி வெள்ளைப் போர்வையை உதறி, அம்மாவின் மோவாய்வரை இழுத்துப் போர்த்தினாள். சின்னவள் அதைக் கழுத்துக்குக் கீழே இறக்கிவிட்டாள். கறுப்புத் தெரிகிறதே என்று அண்ணி தயங்கித் தயங்கி மறுபடி மேலே இழுத்தாள்.

சின்னவள் மறுபடியும் இறக்கிவிட்டாள்.