நின்றால் வராத பாட்டு

வரதராசன்பேட்டை தேவசகாயத்துக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான். மாமனார் தன்னிடம் நேருக்கு நேர் பேச வேண்டும். ஏலாக்குறிச்சி அருளானந்தம் வாத்தியார் லேசுப்பட்ட ஆளா? கல்யாணமாகி ஏழு வருஷமாகியும், "லீலா, உன் வூட்டுக்காரரைச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம்தான் சொல்லுவார். மருமகன் முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பான். தெருவில் கிளாரினெட் ஊதுகிறவனெல்லாம் வித்வானா என்பது அவர் கட்சி. சங்கீதமென்றால் அவர் வீட்டு கிராமபோன் பெட்டியிலிருந்து வர வேண்டும்.

அதனால்தான், சுதந்திரம் வந்த மறுவருஷம், அரியலூரில் ஒரு திருநாளுக்கு வாசித்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த அவனுடைய பேண்டு செட்டை ரிக்கார்டு கம்பெனி அய்யம்பெருமாள் ஓடிவந்து மறித்தபோது, அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாட வந்த பாகவதருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். மூன்று மெழுகுத் தட்டு மிச்சம். மத்தியான ரயிலுக்குள் எதையாவது பதிந்தாக வேண்டும்.

"ஒத்திகை வேணாமுங்களா?" என்றான் தேவசகாயம்.

"நேரமில்லப்பா. சிவப்பு விளக்கு எரிஞ்சா ஊதுங்க, அணைஞ்சா நிறுத்துங்க. தப்பு வந்தா தட்டு போச்சு."

ஒரு கடலை மண்டியில் சாக்குகளைத் தொங்கவிட்டு அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். எட்டுப் பேரும் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்து நின்றார்கள். விளக்கு எரிந்தது. மாதா சுரூபத்துக்கு முன்னால் ஆயிரம் தடவை வாசித்த மெட்டுதான். அன்றைக்கு டிரம் ஒரு பக்கமும் கிளாரினெட் ஒரு பக்கமுமாகப் பிய்த்துக்கொண்டு போனது. பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்? வாத்தியம் பிடித்த நாள் முதலாய் மாதா தேருக்கு முன்னால் நடந்துகொண்டே வாசித்தவர்கள். தாளமெல்லாம் காலில் இருந்தது.

"எங்களுக்கு நின்னா வராதுங்க," என்றான் டிரம் அடிக்கும் மரிய செல்வம்.

"அப்ப நின்ன இடத்துலயே காலைத் தூக்கி வைங்க," என்றார் அய்யம்பெருமாள்.

இரண்டாவது தட்டு அமர்க்களமாக ஆரம்பித்தது. பழக்கம் விடுமா? மரிய செல்வம் ஓர் அடி முன்னால் வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். செட் மொத்தமும் வாசித்தபடியே வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிப் பிள்ளையார் கோயில் வரை போய்விட்டது. பூக்காரி முத்தாயி, "சாமி எங்கய்யா?" என்று கேட்ட பிறகுதான் தேவசகாயத்துக்குச் சுயநினைவு வந்தது.

திரும்பி வந்தபோது அய்யம்பெருமாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "போதும்ப்பா. பஸ்ஸுக்குப் போங்க."

தேவசகாயம் இடத்தைவிட்டு நகரவில்லை. போனால் போகிறது என்று விடுகிற விஷயமா இது? மிச்சமிருக்கும் அந்த ஒற்றைத் தட்டில்தான் மாமனாரின் வாயே இருக்கிறது.

"சார், கதவைப் பூட்டிடுங்க. மைக் அந்த மூலையில இருக்கட்டும். நாங்க மண்டியைச் சுத்தியே நடக்கிறோம்."

"சத்தம் ஏறி ஏறி இறங்குமே?"

"ஊர்வலம்னா அப்படித்தாங்க."

விளக்கு எரிந்தது. நடந்தார்கள். மூன்று நிமிஷம் போனதே தெரியவில்லை. விளக்கு அணைந்த பிறகும் இரண்டு சுற்று வந்துதான் நின்றார்கள். அய்யம்பெருமாள் தட்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்.

நாலு மாதம் கழித்துத் தட்டு வந்தது. லீலா மேரி அதைப் பட்டுப்புடவையில் சுற்றிக்கொண்டு, புருஷனோடு அப்பா வீட்டுக்குப் போனாள். வாத்தியார் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, "வையும்மா, கேப்போம்" என்றார், யாரோ எவரோ போல.

ஊசி இறங்கியது. தெருக்கோடியிலிருந்து கிளம்புவதுபோல மெல்ல எழுந்த கிளாரினெட் நெருங்கி நெருங்கி வந்தது. டிரம் வாசலுக்கே வந்துவிட்டது. வாத்தியார் சடாரென்று எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, சிலுவை போட்டுக்கொண்டு, ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது. பெட்டிக்குள் ஊர்வலம் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

லீலா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தேவசகாயம் தரையைப் பார்த்தபடி நின்றான். தட்டு முடிந்து ஊசி கரகரத்தது. வாத்தியார் திரும்பினார். மகள் பக்கம் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை," என்றார். "இன்னொரு தடவை வைங்க. இந்தத் தடவை நான் நின்னுகிட்டே கேக்குறேன்."